ஊசின்னா பயம், கத்தின்னா ஓகேவா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எஞ்சினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற ஜாதி. இந்தப் பதிவுல மருத்துவ ஆலோசனை கிடையாது, கோபம் மட்டும் உண்டு. கொஞ்சம் நீளம் வேற. ஆணி அதிகம் உள்ளவங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க. முலை, காம்புன்னு வார்த்தைகள் வரும். நெளியறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா நெளியறவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

மேட்டர் இதுதான் மக்களே. நம்ம ஊர்ல ஒரு பொம்பளைக்கு மார்புல கட்டின்னா, அந்தக் கட்டி என்னன்னு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அதை வெட்டி எடுத்துடலாம்னு முடிவு பண்ணிடுறோம். டாக்டரும் அதையே சொல்றார், வீட்லயும் அதையே சொல்றாங்க. நடுவுல ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாமேன்னு யாராவது கேட்டா மட்டும் ஊரே கூடி நின்னு அலறுது. "ஐயய்யோ, ஊசி குத்தினா பரவிடும்!"

ஊசி குத்தினா பரவிடுமாம். கத்தி வெச்சா பரவாதாம். இதுல என்ன லாஜிக்னு யாராச்சும் எனக்குச் சொல்லுங்க. ஊசி போன பாதையில ஒண்ணு ரெண்டு செல் சிதறுறது ரொம்ப அபூர்வமா நடக்கிற விஷயம். அதனால நோயாளியோட ஆயுசு குறையறதா ஆய்வுகள் காட்டலை. ஆனா வாட்ஸப் பெரியப்பாக்கள் காட்டிக்கிட்டே இருக்காங்க.

நான் பேசப்போறது புற்றுநோயைப் பத்தி இல்லை. பால்குழாய்க்குள்ள வளர்ற ஒரு சின்ன, சாதுவான வளர்ச்சியைப் பத்தி. ரிப்போர்ட்ல 'இன்ட்ராடக்டல் பாப்பிலோமா'ன்னு வரும். பேரைப் பார்த்தா பயமா இருக்கும், ஆள் அவ்வளவு மோசமில்லை. ஒரு மார்புக்குள்ள 15-லிருந்து 20 பிரிவுகள், ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு குழாய் காம்பை நோக்கி வரும். அந்தக் குழாயோட உள்சுவர்ல மரு மாதிரி, இன்னும் சரியா சொன்னா குட்டி காலிஃபிளவர் மாதிரி, காம்போட ஒட்டிக்கிட்டு ஒண்ணு வளரும். நடுவுல ரத்தக் குழாய் ஓடும், மேல செல்கள் போர்த்தியிருக்கும். பெரும்பாலும் 35-லிருந்து 55 வயசுக்குள்ள வரும். சில மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு ஒரு சென்டிமீட்டர், அதுக்குக் கொஞ்சம் மேல கூட இருக்கலாம். நிறைய பேருக்கு கையில தட்டுப்படவே செய்யாது. உள்ளாடையில கறைதான் முதல் அறிகுறி. ஒரே பக்கம், ஒரே துவாரத்துல இருந்து, அமுக்காமலே, தண்ணி மாதிரியோ ரத்தம் கலந்தோ கசியும். காம்புல ரத்தம் கசிஞ்சா அதுக்குப் பொதுவான காரணமே இந்தப் பாப்பிலோமாதான், புற்றுநோய் இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் பெரியம்மா பொண்ணுக்குத் தெரியலை. 41 வயசு, ரெண்டு பசங்க, மதுரை. மாமா மஸ்கட்ல. மூணு மாசமா இடது பக்கம் கறை. யார்கிட்டயும் சொல்லலை. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட மட்டும் ஜாடைமாடையா கேட்டிருக்கா. "தீட்டு நிக்கற வயசுல இப்படித்தான்டி வரும்"னு பதில் வந்திருக்கு. அப்புறம் ஒருநாள் என் அம்மாகிட்ட, "சித்தி, எனக்கு அந்த இடத்துல ஒரு மாதிரி இருக்கு". அந்த இடம்! கண்ணகி தன் இடது முலையைத் திருகி எறிஞ்சு எரிச்ச ஊருங்க இது. அந்த ஊர்ல ஒரு அம்மாவால டாக்டர்கிட்ட கூட அந்தச் சொல்லைச் சொல்ல முடியலை. மூணு மாசம் 'அந்த இடம்' ஆகவே இருந்திருக்கு.

கூட்டிட்டுப் போனது நான். (மாமா வெளியூர்ல, அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்.) பெரிய ஆஸ்பத்திரிதான், பேர் வேண்டாம். டாக்டர் பரிசோதிச்சார், ஸ்கேன் எழுதினார். ஸ்கேன்ல காம்புக்குப் பின்னாடி ஒரு குழாய் விரிஞ்சிருக்கு, அதுக்குள்ள 8 மில்லிமீட்டர்ல ஒரு வளர்ச்சி. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவர் பேசினது என்கிட்ட. "தம்பி, குழாய்ல சின்ன வளர்ச்சி. பயப்பட ஒண்ணுமில்லை. பின்னாடி இருக்கிற குழாயெல்லாம் மொத்தமா எடுத்துடலாம். நாளைக்கே அட்மிட் பண்ணிடுங்க. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

மார்பு அக்காவோடது. அக்கா எதிர்லயே உக்காந்திருக்கா. பேச்சு என்கிட்ட, அனுமதி மஸ்கட்ல!

"சார், முதல்ல ஊசி போட்டுப் பார்க்க வேண்டாமா? மேமோகிராம்?"னு கேட்டேன். வர்றதுக்கு முந்தின ராத்திரி உக்காந்து படிச்சுட்டுத்தான் போனேன். அவர் சிரிச்சார். "எடுக்கத்தானே போறோம், அப்புறம் எதுக்கு டெஸ்ட்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுதான் இந்தப் பதிவு.

ஏன் டெஸ்ட்னா சார், எடுக்கப்போறது என்னன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு எடுக்கணும், எப்படி எடுக்கணும்னு முடிவு பண்ண முடியும்? பக் என்னன்னு ரீப்ரொட்யூஸ் பண்ணாம நேரா ப்ரொடக்ஷன்ல போய் நாலு ஃபைலை டெலிட் பண்ணா எங்க ஆபீஸ்ல சீட்டைக் கிழிச்சுடுவாங்க. அந்த 8 மில்லிமீட்டர், பார்க்க பாப்பிலோமா மாதிரி இருக்கிற புற்றுநோயா இருந்தா, ஆபரேஷனோட திட்டமே வேற. சுத்தி ஆரோக்கியமான திசுவோட விளிம்பு விட்டு எடுக்கணும், அக்குள்ல நெறிகட்டியைப் பார்க்கணுமான்னு யோசிக்கணும், சில சமயம் மருந்தை முதல்ல கொடுத்துட்டு அப்புறம்தான் கத்தி. முன்கூட்டியே தெரிஞ்சா ஒரே ஆபரேஷன்ல முடியலாம். தெரியாம எடுத்தா, ரிப்போர்ட் வந்ததும் அதே இடத்தை மறுபடியும் திறக்கணும். இன்னொரு பக்கம், அது சாதா பாப்பிலோமாவா இருந்தா எல்லாக் குழாயையும் வாரி எடுக்க வேண்டிய அவசியமே பல பேருக்குக் கிடையாது. ரெண்டு திசையிலயும் நஷ்டம் அந்தப் பொம்பளைக்குத்தான்.

அதே ஆஸ்பத்திரியில ரெண்டாவது தடவை கேட்டப்போ "வேணும்னா எஃப்.என்.ஏ.சி. பண்ணிக்கலாம்"னாங்க. மெல்லிய ஊசியில உறிஞ்சி எடுக்கிற டெஸ்ட். விலை கம்மி, அஞ்சு நிமிஷ வேலை, நம்ம ஊர்ல எங்க போனாலும் உண்டு. மத்த கட்டிங்களுக்கு ஓரளவு உதவும். பாப்பிலோமாவுக்கு இதை நம்பி முடிவெடுக்க முடியாது. ஏன்னா அதுல கிடைக்கிறது உதிரிச் செல்கள். செங்கல்லைக் காட்டி இது வீடா கோயிலான்னு கேக்கிற மாதிரி. சாதுவான பாப்பிலோமாவையும் அதே உருவத்துல வர்ற புற்றுநோயையும் பிரிச்சுக் காட்டுறது கட்டமைப்பு. சாது ரகத்துல மேல் செல்களுக்கு அடியில, தசை மாதிரி சுருங்கக்கூடிய செல்களோட ஒரு அடுக்கு இருக்கும். கெட்ட ரகத்துல அந்த அடுக்கு காணாமப் போயிருக்கும். சந்தேகம்னா பி63-னு ஒரு புரதத்துக்குச் சாயம் ஏத்திப் பார்ப்பாங்க, அந்த அடுக்கு பளிச்சுன்னு தெரியும். இதுக்கெல்லாம் துண்டு துண்டா திசு வேணும். அதுதான் கோர் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டுட்டு, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே, 14 கேஜ் ஊசியில நாலஞ்சு மெல்லிய துண்டு. ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டப் டப்'னு சத்தம் வரும், அவ்வளவுதான். (அக்கா சொன்னது: "பல்லு புடுங்கினதை விட இது தேவலைடா.")

ஆமா, நாங்க வேற இடம் போனோம். அங்க ஒரு டாக்டரம்மா. முதல்ல ரெண்டு பக்கமும் மேமோகிராம். அப்புறம் கோர் பயாப்சி. ஒரு வாரத்துல ரிப்போர்ட்: பாப்பிலோமா, அசாதாரண செல்கள் இல்லை. அவங்க அக்காவைப் பார்த்து, அக்காகிட்டயே பேசினாங்க. ரெண்டு வழி இருக்கு, இப்படியே விட்டு ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன்ல பார்த்துக்கலாம், இல்லைன்னா கசியற அந்த ஒரு குழாயை மட்டும் எடுக்கலாம். கறை நிக்கணும்னா எடுக்கறது நல்லது, முடிவு உங்களோடதுன்னாங்க. அக்கா எடுத்துடுங்கன்னா. "தினமும் பஞ்சு வெச்சுக்கிட்டு அலைய முடியாது மேடம்." அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு 41 வருஷமும் ஒரு நல்ல டாக்டரும் தேவைப்பட்டிருக்கு.

ஸோ, நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லைங்க. இதைச் சொல்லிடணும், இல்லைன்னா பின்னூட்டத்துல 'எல்லாம் கார்ப்பரேட் கொள்ளை, சோத்துக் கற்றாழை ஜூஸ் குடிச்சா கட்டி கரையும்'னு ஒரு கோஷ்டி எனக்கு மாலை போட வந்துடும். உங்க மாலை வேண்டாம் சாமி. ஜூஸ் குடிச்சா பாப்பிலோமா கரையாது. கரையும்னு நம்பி ஒரு வருஷம் குடிக்கிற நேரத்துல, அது பாப்பிலோமாவா இல்லாம இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. 'எல்லாத்தையும் வெட்டு'ங்கிறவரும் 'எதையும் தொடாதே'ங்கிறவரும் ஒரு விஷயத்துல ஒண்ணு. அது என்னன்னு பார்க்கவே ரெண்டு பேருக்கும் விருப்பம் இல்லை.

எப்ப எடுக்கணும்? துண்டுல அசாதாரண செல் தெரிஞ்சா எடுக்கணும், அதுல ரெண்டு பேச்சு கிடையாது. ஸ்கேன் ஒண்ணு சொல்லி, பயாப்சி வேற ஒண்ணு சொன்னா எடுக்கணும். கையில தட்டுப்படற அளவு இருந்தாலோ, கசிவு தொந்தரவு பண்ணாலோ எடுக்கறது நியாயம். காம்புல இருந்து தள்ளி, ஓரத்துல, கூட்டமா பல பாப்பிலோமா இருந்தா அதுல ஆபத்து கொஞ்சம் கூட, அதுக்குக் கண்காணிப்பும் கூட. இது எதுவுமே இல்லாம, வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல தற்செயலா ஒரு சின்ன பாப்பிலோமா மாட்டினா? அமெரிக்காவுல பல மருத்துவமனைகள் சேர்ந்து பண்ணின ஒரு ஆய்வு 2021-ல வந்தது. பயாப்சியில அசாதாரண செல் இல்லைன்னு வந்த 116 பேருக்கும் ஆபரேஷன் பண்ணிப் பார்த்தாங்க. புற்றுநோய் இருந்தது 2 பேருக்கு, 1.7 சதவீதம். மீதி 114 பேருக்கு அந்தக் கத்தி தேவைப்பட்டிருக்காது. பிரிட்டன்ல 2018-லயே வழிகாட்டுதல் மாறிடுச்சு. அசாதாரண செல் இல்லாத பாப்பிலோமாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகாம, வெற்றிட உறிஞ்சு ஊசி வெச்சே துண்டு துண்டா முழுசா எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. இங்க பெரிய நகரங்கள்ல சில இடத்துல இந்த வசதி இருக்கு. யாராவது அதைப் பத்தி வாயைத் திறக்கிறாங்களா?

அந்த முதல் டாக்டர் 'குழாயெல்லாம் மொத்தமா'ன்னு போற போக்குல சொன்னாரே, அதுக்கு வர்றேன். ரெண்டு ஆபரேஷனும் வெளியில இருந்து பார்க்க ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். காம்பைச் சுத்தின கருவட்டத்தோட ஓரத்துல வளைவா ஒரு கீறல், தழும்பு பெருசா தெரியாது. உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஒத்தைக் குழாய் எடுக்கிறதுல, கசியற துவாரத்துக்குள்ள மெல்லிய கம்பியை விட்டு, அது போற வழியே போய் அந்தக் குழாயை மட்டும் எடுப்பாங்க. மொத்தக் குழாய் நீக்கத்துல காம்புக்குப் பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் அறுத்துடுவாங்க. அப்புறம் அந்தப் பக்கம் பால் கொடுக்க முடியாது. காம்புல உணர்ச்சி குறையலாம், காம்பு உள்வாங்கிப் போகலாம். வயசானவங்களுக்கு, பல குழாய்ல கசிவு இருக்கிறவங்களுக்கு அது சரியான சிகிச்சையா இருக்கலாம். 26 வயசுப் பொண்ணுக்கு, இனிமேதான் குழந்தை பெத்துக்கப் போறவளுக்கு, இதைச் சொல்லாம செய்யறது என்ன நியாயம்? உணர்ச்சி குறையும்ங்கிறதை எந்த வயசுக்காரிக்கும் சொல்லாம இருக்கிறது என்ன நியாயம்? "ரெண்டு புள்ளை பெத்தாச்சுல்ல, இனி எதுக்கு?"ன்னு ஒரு நர்ஸ் எங்க காதுபடவே சொன்னாங்க. அந்த உறுப்புக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்காங்கிற நினைப்பே யாருக்கும் இல்லை.

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்லை. அமெரிக்காவுல 1970-கள் வரைக்கும் கட்டியோட போற பொம்பளையை மயக்கத்துல படுக்க வைப்பாங்க, அப்பவே துண்டு எடுத்து உறைய வெச்சுப் பார்ப்பாங்க, புற்றுநோய்னா அந்த மயக்கத்துலயே மார்பை எடுத்துடுவாங்க. கண் முழிச்சு நெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியும். ரோஸ் குஷ்னர்னு ஒரு பத்திரிகையாளர். 1974-ல தனக்குக் கட்டி வந்தப்போ 'முதல்ல டெஸ்ட் மட்டும் பண்ணுங்க, எழுப்பிவிட்டு முடிவைச் சொல்லுங்க, மீதியை நான் யோசிச்சுச் சொல்றேன்'னாங்க. டாக்டர் மேல டாக்டரா மறுத்திருக்காங்க. அந்த அம்மா விடலை, புஸ்தகம் எழுதினாங்க, ஒவ்வொரு கூட்டமா போய்ச் சண்டை போட்டாங்க. 1979-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு, டெஸ்டும் ஆபரேஷனும் தனித்தனியா நடக்கணும்னு அறிவிச்சது. அந்தக் குழுவுல குஷ்னரும் இருந்தாங்க. 'எடுக்கத்தானே போறோம், எதுக்கு டெஸ்ட்?'ங்கிற கேள்விக்கு அங்க அப்பவே பதில் சொல்லியாச்சு.

நம்ம நாட்டுலயும் சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 2008-ல சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்தப் பெண்ணை உள்ளே என்ன பிரச்சினைன்னு பார்க்க மயக்கத்துல படுக்க வெச்சாங்க. படுத்திருக்கும்போதே வெளிய இருந்த அவங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்போ, புத்தி சுவாதீனமா இருக்கிற வயசு வந்த நோயாளியோட சம்மதம்தான் சம்மதம், அம்மா கொடுத்தது செல்லாது, டெஸ்டுக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிச்சு. அம்மா கையெழுத்தே செல்லாதுன்னா மஸ்கட்ல இருக்கிற மாமாவோட 'ஒரு வார்த்தை' எந்த மூலைக்கு? மாமா நல்ல மனுஷன், அது வேற விஷயம். "அவ என்ன சொல்றாளோ அதான்டா, என்னை எதுக்குக் கேக்கறாங்க?"ன்னுதான் போன்ல சொன்னார்.

இனி நம்ம ஆம்பளைங்க பக்கம். நம்ம பதிவர் வட்டத்துல பெண்ணியம் பத்திப் பத்து பாகம் தொடர் எழுதின எத்தனை பேர் வீட்ல அக்கா தங்கச்சி தைரியமா வந்து "எனக்குக் காம்புல ரத்தம் வருது"ன்னு சொல்ல முடியும்? கவிதையில வர்றப்போ மட்டும் அந்தச் சொல் நமக்கு இனிக்குது. ஆஸ்பத்திரி சீட்டுல வந்தா கழுத்து திரும்பிக்குது. என் ஃப்ரெண்டு ஒருத்தன், இந்த விஷயத்தைச் சொன்னப்போ குரலைத் தாழ்த்தி "ஏன்டா, நீ போய் அதையெல்லாம் கேட்டுக்கிட்டு"ன்னான். கிட்னியில கல்லுன்னா கூட வருவானாம், இதுக்கு வரமாட்டானாம். கல்லை விட இது என்ன கேவலம்?

சரி, கோபம் போதும். வீட்ல யாருக்காவது கறை இருந்தா நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் போங்க. ரெண்டு பக்கமும், பல துவாரத்துல இருந்து, அமுக்கினா மட்டும், பால் மாதிரியோ பச்சையாவோ வந்தா அது பெரும்பாலும் பாப்பிலோமா சமாச்சாரமே இல்லை. தைராய்டு, புரோலாக்டின் பார்ப்பாங்க. என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னும் கேப்பாங்க. வாந்திக்கும் வயித்து உப்புசத்துக்கும் நாம மிட்டாய் மாதிரி முழுங்கற டோம்பெரிடோன் கூட புரோலாக்டினை ஏத்திப் பால் கசிய வைக்கும். அப்புறம், வருதா வருதான்னு தினமும் அமுக்கிப் பார்க்கிற வேலை வேண்டாம். அமுக்கினா இன்னும் வரும். ஒத்தைக் குழாய் ஆபரேஷன்னு முடிவானா அதுக்கு முந்தின நாட்கள்ல அமுக்கவே கூடாது. அன்னிக்கு எந்தத் துவாரம் கசியுதுன்னு பார்த்துத்தான் கம்பியை விடணும், அது காஞ்சு போயிட்டா டாக்டர் எதைத் தேடுவார்?

முக்கியமா இன்னொண்ணு. எடுத்த திசு லேபுக்குப் போகுதான்னு கேளுங்க. 'சாதா கட்டிதான், அனுப்ப வேண்டாம், செலவு மிச்சம்'னு சொல்ற இடங்கள் இன்னமும் இருக்கு. அந்த மிச்சம் நமக்கு வேண்டாம். ஊசியில வந்தது நாலு துண்டு, முழுசையும் வெட்டிப் பார்த்தாத்தான் கடைசி வார்த்தை. ரிப்போர்ட், மெழுகு ப்ளாக், ஸ்லைடு மூணையும் கேட்டு வாங்கி வைங்க, இன்னொரு டாக்டர்கிட்ட போனா அதுதான் உங்க சாட்சி. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 விதியே சொல்லுது. 'அதெல்லாம் தர மாட்டோம்'னு கவுன்ட்டர்ல சொன்னா எழுத்துல கேளுங்க, தன்னால வரும்.

அக்காவுக்குக் காலையில ஆபரேஷன், சாயங்காலம் வீடு. கடைசி ரிப்போர்ட்டும் அதேதான், பாப்பிலோமா, வேற ஒண்ணுமில்லை. பின்னாடி புற்றுநோய் வர்ற வாய்ப்பு இந்த ரகத்துல மத்தவங்களை விடக் கொஞ்சம்தான் கூட, அதனால வருஷத்துக்கு ஒரு மேமோகிராம்னு சொல்லியிருக்காங்க. பக்கத்து வீட்டு அம்மாவையும் இழுத்துட்டுப் போய் ஒரு மேமோகிராம் எடுக்க வெச்சுட்டா.

மதுரை, திருநெல்வேலி, திருச்சி பக்கம் அரசு மருத்துவமனையில கோர் பயாப்சி எந்த நாள்ல பண்றாங்க, எந்த ஓ.பி.க்குப் போகணும், உறிஞ்சு ஊசி வசதி எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல போடுங்க. வர்றதையெல்லாம் சேர்த்துத் தனிப்பதிவா போடறேன். சோத்துக் கற்றாழை பின்னூட்டங்கள் மட்டுறுத்தப்படும் :-)